கோட்பாட்டு ஆய்வுக்கென ஒரு தனி நிறுவனம்: எந்த வடிவம் நிற்கும்?

கோட்பாட்டு அறிவியலுக்குத் துகள் முடுக்கி தேவையில்லை, வேதிப்பொருள் தேவையில்லை. கரும்பலகை, கணினி, ஆய்விதழ்கள், அமைதியான அறைகள், பேசுவதற்கு ஆட்கள் இருந்தால் போதும். அதனால் இத்தகைய நிறுவனத்தை நடத்துவது எளிது என்று எண்ணிப் பலர் தொடங்குகிறார்கள். உண்மையில் கருவி இல்லாததே இதன் சிக்கல். செலவில் பெரும்பகுதி மனிதர்களுக்கே போகிறது. பழைய கருவியை விற்றுவிடலாம். ஒருவருக்குக் கொடுத்த பதவியை அப்படித் திரும்பப் பெற முடியாது. ஆகவே எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கையில் இருக்கும் பணம் எத்தனை ஆண்டுக்கு உறுதி? அந்த ஆண்டுகளைத் தாண்டும் எந்த வாக்குறுதியையும் யாருக்கும் தரக்கூடாது. கீழே வரும் ஒப்பீடுகள் எல்லாம் இந்த அளவுகோலை வைத்துச் செய்தவை.

நிரந்தரப் பேராசிரியர்களா, வந்து போகிறவர்களா?

இதில் உலகில் மூன்று மரபுகள் உண்டு.

முதலாவது பிரின்ஸ்டனில் 1930இல் தொடங்கிய உயர் ஆய்வு நிறுவனத்தின் வழி. லூயிஸ் பாம்பெர்கரும் அவர் சகோதரி கரோலின் பாம்பெர்கர் ஃபுல்டும் தந்த 50 லட்சம் டாலர் அதன் அடிப்படை. சிறு எண்ணிக்கையில் நிரந்தரப் பேராசிரியர்கள், அவர்களைச் சுற்றி ஆண்டுதோறும் மாறும் சுமார் 200 வருகை ஆய்வாளர்கள் என்பது அதன் இன்றைய அமைப்பு. வகுப்பும் இல்லை, பட்டமும் இல்லை. பாரிஸுக்கு அருகே 1958இல் லியோன் மோட்ஷான் தொடங்கிய ஐ.ஹெச்.இ.எஸ். (உயர் அறிவியல் ஆய்வுகள் நிறுவனம்) இதே அச்சில் வார்த்தது. கணிதவியலாளர் க்ரோதெண்டிக் அங்கிருந்த காலத்தில் அந்தச் சின்னக் கட்டடம் இயற்கணித வடிவியலின் தலைநகராக இருந்தது. ஒரு துறையையே ஒருவரால் திருப்பிவிட முடியும் என்றால் அவருக்கு ஆயுட்காலப் பதவி தருவதே சரி. அத்தகைய ஒருவரை அடையாளம் காண்பதும் அவர் சம்மதிப்பதும்தான் அரிது.

இரண்டாவது மரபில் நிரந்தர ஆய்வாளர்கள் கிடையாது, அல்லது மிகச் சிலரே இருப்பார்கள். 1962இல் தொடங்கிய ஆஸ்பென் இயற்பியல் மையம், 1982இல் பெர்க்லியில் திறந்த கணித நிறுவனம், 1992இல் கேம்பிரிட்ஜில் திறந்த ஐசக் நியூட்டன் நிறுவனம் ஆகியவை இந்த வகை. சான்டா பார்பராவில் 1979இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் உருவான மையம் (இன்று காவ்லி பெயரில் இயங்குவது) சில நிரந்தர உறுப்பினர்களுடன் இதே வழியில் நடக்கிறது. வெளியிலிருந்து ஆய்வாளர்கள் ஒரு தலைப்பை முன்மொழிவார்கள். ஏற்கப்பட்டால் சில வாரங்களோ சில மாதங்களோ அந்தத் தலைப்பில் ஆட்கள் கூடுவார்கள். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கான நிறுவலை ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில் அறிவித்தது நியூட்டன் நிறுவனத்தில் நடந்த ஒரு கூட்டத்தில்தான். அதில் பின்னர் ஓர் இடைவெளி தெரிந்து அடுத்த ஆண்டு சரிசெய்யப்பட்டது. அவருடைய ஏழாண்டுத் தனி உழைப்பு வேறிடத்தில் நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது. கூடுமிடம் தரும் நிறுவனமும் உட்கார இடம் தரும் நிறுவனமும் செய்யும் பணிகள் வெவ்வேறு.

மூன்றாவது இடைப்பட்டது. 1984இல் தொடங்கிய சான்டா ஃபே நிறுவனத்தில் உள்ளுறை ஆய்வாளர்கள் சிலர். வேறு பல்கலைக்கழகங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டே இங்கும் உறுப்பினராக இருக்கும் வெளியுறை ஆய்வாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. இத்தாலியின் ட்ரியெஸ்டேயில் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய ஐ.சி.டி.பி. (பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம்) இதை வேறொரு தேவைக்குப் பயன்படுத்தியது. வளரும் நாடுகளின் ஆய்வாளர்கள் சொந்த நாட்டு வேலையை விடாமல், சில ஆண்டுகளுக்குள் பலமுறை வந்து தங்கிப் போக வழி செய்தது. புலம்பெயராமலே தனிமையை வெல்லலாம் என்ற அந்த எண்ணம், எனக்குத் தெரிந்தவரை, நிறுவன வடிவமைப்பில் வந்த மிகச் சிறந்த எண்ணங்களில் ஒன்று.

இனி கணக்கு. ஒரு போஸ்ட்டாக் ஆய்வாளருக்கு (முனைவர் பட்டம் முடித்து, சில ஆண்டுக்கு மட்டும் பதவியில் இருக்கும் இளம் ஆய்வாளருக்கு) சம்பளம், காப்பீடு, பயணம், அறை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஆகும் செலவை 1 அலகு என்று வைப்போம். நிரந்தரப் பேராசிரியர் 2.5 அலகு. வருகையாளர் ஒருவர் ஒரு வாரம் தங்க 0.04 அலகு. எண்களை அவரவர் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். விகிதம் அதிகம் மாறாது.

முதல் மரபில் ஒரு சிறு நிறுவனம்: 6 பேராசிரியர்கள் 15, 12 போஸ்ட்டாக்குகள் 12, வருகை 150 வாரம் 6, கட்டடமும் அலுவலகமும் 12. மொத்தம் 45 அலகு. இரண்டாவது மரபில்: இயக்குநர் 2.5, போஸ்ட்டாக் மூவர் 3, வருகை 500 வாரம் 20, கட்டடமும் அலுவலகமும் 10. மொத்தம் 35.5. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாது. வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால்தான் தெரியும். முதல் நிறுவனத்துக்கு 30 அலகு வரும். அதில் பேராசிரியர்களும் கட்டடமும் 27ஐ எடுத்துக்கொள்ள, 18 அலகில் நடந்த இளையோர் பணியும் வருகையும் 3 அலகுக்குள் அடங்க வேண்டும். ஏற்கெனவே ஒப்பந்தம் செய்த போஸ்ட்டாக்குகளுக்கே 12 வேண்டும் என்பதால் மூலநிதியில் (வருமானத்துக்காக முதலீடு செய்து வைத்த தொகையில்) கைவைப்பார்கள். அங்கிருந்து முதலுக்கே மோசம் தொடங்கும். இரண்டாவது நிறுவனத்துக்கு 23.7 அலகு வரும். 15.5 போக மீதி 8 அலகில் 500 வாரத்துக்குப் பதில் 200 வாரம் நடத்தலாம். மெலிந்தாலும் அது நிறுவனமாகவே நீடிக்கும்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை: முதல் ஐந்தாண்டுக்கு நிரந்தரப் பதவி எதுவும் வேண்டாம். கருப்பொருள் நிகழ்ச்சிகளும் ஒரு கைப்பிடி போஸ்ட்டாக்குகளும் போதும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் மூத்த பதவிகளை, ஒரே ஆண்டில் எல்லாம் முடியாதபடி தள்ளித் தள்ளித் தொடங்கலாம். எல்லாரையும் ஒரே சமயத்தில் ஒரே வயதில் எடுத்த நிறுவனம் இருபத்தைந்து ஆண்டு கழித்து ஒரே சமயத்தில் முதுமை அடைகிறது. நடுவில் புதிய துறை ஒன்று பிறந்தாலும் அதற்கு ஒரு நாற்காலி காலியாக இருக்காது.

போஸ்ட்டாக் பதவி எத்தனை ஆண்டு என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டாண்டு மலிவு என்று தோன்றும். செப்டம்பரில் சேர்ந்தவர் அடுத்த செப்டம்பரிலேயே அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும். கவலையின்றிக் கிடைப்பது 12 மாதம். மூன்றாண்டு கொடுத்தால் 24 மாதம். ஒன்றரை மடங்கு செலவில் இரு மடங்கு ஆய்வுக்காலம் கிடைக்கிறது. துணிச்சலான, பலன் நிச்சயமில்லாத கேள்வியை 12 மாதத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான் தனி நிறுவனமே தொடங்குகிறோம். பணம் குறைவு என்றால் ஆறு பேருக்கு இரண்டாண்டு தருவதைவிட நான்கு பேருக்கு மூன்றாண்டு தருவது நல்லது. இன்னொன்று: கோட்பாட்டு இயற்பியலில் நல்ல விண்ணப்பதாரர்களுக்கு அழைப்புகள் டிசம்பர், ஜனவரியிலேயே போய்விடும். குழு கூடி மார்ச்சில் முடிவெடுக்கும் நிறுவனம் தன் முதல் பட்டியலில் இருக்கும் பெரும்பாலோரை இழக்கும்.

பணம் எங்கிருந்து?

மூலநிதி, அரசு, காலவரையுள்ள மானியம், கொடையாளர்கள் என நான்கு வழிகள் உண்டு. தூய வடிவில் எதுவும் நீடிப்பதில்லை.

மூலநிதி என்றால் முதல் தொகையைத் தொடாமல் ஆண்டுக்குச் சுமார் 4 விழுக்காடு மட்டும் செலவிடுவது. அதாவது ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு முதல் தொகை வேண்டும். மேலே சொன்ன 45 அலகு நிறுவனத்துக்கு 1125 அலகு. 5 விழுக்காடு எடுக்கலாம் என்று நிதிக்குழுவில் யாராவது சொல்வார்கள். சம்பளம் பொது விலைவாசியைவிட வேகமாக ஏறும் துறையில் அது ஆபத்து. அந்த ஆண்டு மதிப்பில் 4 விழுக்காடு எடுக்காமல், கடந்த 12 காலாண்டுகளின் சராசரி மதிப்பில் எடுக்க வேண்டும். சந்தை ஒரே ஆண்டில் 30 விழுக்காடு விழுந்து அங்கேயே கிடந்தாலும் செலவு மூன்றாண்டில் படிப்படியாக இறங்கும். அந்த மூன்றாண்டு ஒரு போஸ்ட்டாக்கின் காலமும் என்பதால், கொடுத்த வாக்கு யாருக்கும் பொய்க்காது.

அரசுப் பணம் நிலையானது, ஆனால் மெதுவானது. அயர்லாந்து 1940இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே டப்ளின் உயர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தது. இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1956 வரை அங்கே இருந்தார். ஒவ்வொரு துறைப்பள்ளிக்கும் தனி ஆட்சிக்குழு என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது, அமைச்சகத்தின் அன்றாடத் தலையீட்டுக்கு ஒரு வேலி. அரசிடம் பணம் வாங்குவதானால் அந்த வேலி முதல் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். பின்னால் கேட்டுப் பெற முடியாது. வழக்கமான கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: பதவி எண்ணிக்கையும் சம்பள விகிதமும் அரசு விதிக்குள் வந்துவிடும், ஒரு பதவி காலியானால் நிரப்ப அனுமதி வர ஆண்டுக்கணக்காகும்.

காலவரையுள்ள மானியம் நிகழ்ச்சிகளுக்குப் பொருந்தும், நிரந்தரப் பதவிகளுக்குப் பொருந்தாது. ஐந்தாண்டு மானியத்தை வைத்து ஆயுட்காலப் பதவி கொடுப்பதைப் போல் அகலக்கால் வேறில்லை.

தனிக் கொடையாளர் வழியில் மிக விரைவாக வளர்ந்த உதாரணம் கனடாவின் பெரிமீட்டர் நிறுவனம். 1999இல் உருவான அது, பிளாக்பெர்ரி நிறுவனர்களில் ஒருவரான மைக் லாசரிடிஸ் தந்த 10 கோடி கனடிய டாலரில் தொடங்கி, மத்திய, மாகாண அரசுகளின் நிதியையும் சேர்த்துக்கொண்டது. ஒருவர் பணத்தில் தொடங்கினாலும் ஒருவர் பணத்திலேயே தங்கக்கூடாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எந்த ஒரு மூலத்திலிருந்தும் ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல் வராமல் பத்தாண்டுக்குள் மாற்றுவது நடைமுறைக்கு உகந்த இலக்கு.

எந்தப் பணத்தை ஏற்பதில்லை என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். ஐ.ஹெச்.இ.எஸ்.இன் வரவில் ஒரு சிறு பகுதி ராணுவ மூலத்திலிருந்து வந்தது தெரிந்ததும் 1970இல் க்ரோதெண்டிக் வெளியேறினார். தொகை எவ்வளவு சிறியது என்பது அங்கே பொருட்டாக இருக்கவில்லை. ஆண்டுதோறும் எல்லா வரவுகளையும் மூலத்தோடு ஆய்வாளர்கள் முன் வைத்தால் இத்தகைய முறிவு திடீரென வராது.

யார் யாரைத் தேர்ந்தெடுப்பது?

நிறுவனங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில். பிரின்ஸ்டன் நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆப்ரஹாம் ஃபிளெக்ஸ்னர், ஐன்ஸ்டைனையும் கணிதவியலாளர் வெப்லெனையும் கொண்டுவந்தவர். பேராசிரியர்களைக் கலந்துகொள்ளாமல் நியமனங்கள் செய்ததால் எதிர்ப்பு மூண்டு 1939இல் விலகினார். அதே நிறுவனத்தில் 1973இலும், ஒரு சமூகவியலாளரின் நியமனத்தில் இயக்குநரும் நிர்வாகக் குழுவும் ஒரு பக்கம், பேராசிரியர்களில் பெரும்பாலோர் மறுபக்கம் நின்று, சண்டை செய்தித்தாள்வரை போனது. பணமும் புகழும் நிரம்பிய இடத்திலேயே இப்படி என்றால், புதிய நிறுவனத்துக்கு எழுத்தில் விதி இல்லாமல் முடியாது.

நான்கு வழிகளை ஒப்பிடலாம். நிறுவனரே தேர்ந்தெடுப்பது வேகமானது. முதல் மூன்றாண்டில் அது வேலையும் செய்யும். பிறகு அவருக்குப் பிடித்த ஒரே கோட்பாட்டின் முகாமாக நிறுவனம் சுருங்கும். ஆய்வாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் தரம் காக்கப்படும், ஆனால் தங்களைப் போன்றவர்களையே திரும்பத் திரும்ப எடுப்பார்கள். புதிய துறைக்கு வாக்களிக்க உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். கொடையாளர் அமரும் நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்தால் பெயர் பெற்றவர்கள் வருவார்கள், வளர்கிறவர்கள் வர மாட்டார்கள். நான்காவது, வெளியார் பெரும்பான்மையாக உள்ள அறிவியல் குழு. இதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம், கீழ்க்கண்ட விவரங்களோடு.

ஒன்பது பேர், மூன்றாண்டுக் காலம், ஆண்டுக்கு மூவர் வீதம் மாற்றம், தொடர்ந்து இருமுறை கூடாது. ஒன்பதில் ஆறு பேராவது நிறுவனத்தில் சம்பளம் வாங்காதவர்கள். விண்ணப்பதாரருடன் ஐந்தாண்டுக்குள் சேர்ந்து கட்டுரை எழுதியவரும் அவருடைய ஆய்வு வழிகாட்டியும் விவாதத்தின்போது அறையை விட்டு வெளியேற வேண்டும். வாக்களிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருப்பது போதாது, ஏனென்றால் அவர் முன்னிலையில் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். குழு ஒரு பட்டியல் தரும். இயக்குநர் அதிலிருந்து ஒருவரைக் காரணம் எழுதி நீக்கலாம், பட்டியலில் இல்லாதவரைச் சேர்க்க முடியாது. நிர்வாகக் குழுவுக்கு மூன்றே அதிகாரம்: இயக்குநரை நியமிப்பது, ஆண்டின் மொத்தத் தொகையை நிர்ணயிப்பது, தணிக்கை செய்விப்பது. இயக்குநருக்கு ஐந்தாண்டு, ஒருமுறை மட்டும் நீட்டிப்பு.

குழுவுக்கும் ஒரு குறை உண்டு. ஒன்பது பேரும் உடன்படும் தலைப்பு பெரும்பாலும் ஏற்கெனவே எல்லோரும் அறிந்த தலைப்பாக இருக்கும். அதற்கு மாற்றாக ஆண்டு ஆய்வுச் செலவில் பத்தில் ஒரு பங்கை இயக்குநரின் சொந்தப் பொறுப்பில் விடலாம். ஓராண்டுக்கு மேற்படாத அழைப்புகளுக்கு மட்டும், ஆண்டு முடிவில் குழுவுக்கு விளக்கம் தருவதோடு.

பல்கலைக்கழகத்துக்குள்ளா, வெளியிலா?

உள்ளே இருந்தால் நூலகம், ஆய்விதழ்ச் சந்தா, விசா ஆதரவு, சம்பளப் பட்டுவாடா எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும். இருபது பேர் நிறுவனம் இவற்றைத் தனியே நடத்தக் குறைந்தது நான்கைந்து முழுநேர ஊழியர்கள் வேண்டும். வெளியே இருந்தால் இயக்குநரையும் கட்டடத்தையும் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. சான்டா பார்பரா மையம் உள்ளே, பெர்க்லி கணித நிறுவனம் அருகில் ஆனால் தனி. இரண்டும் நன்றாகவே நடக்கின்றன. எனவே முடிவை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. மானியத்தில் மேல்நிலைச் செலவாக (கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுக்காக) பல்கலைக்கழகம் எத்தனை விழுக்காடு எடுக்கும், இயக்குநர் நியமனத்தில் யாருக்கு மறுப்புரிமை, அறைகள் எத்தனை ஆண்டுக்கு உறுதி, பிரிந்து போனால் பெயரும் மூலநிதியும் யாருக்கு, எத்தனை ஆண்டு முன்னறிவிப்பு: இந்த ஐந்தும் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். பல்கலைக்கழகத் தலைமை மாறும்போது முதலில் பறிபோவது அறைகள்தான்.

கற்பித்தலைப் பற்றி இயற்பியலாளர் ஃபெயின்மன் சொன்ன மறுப்பு புகழ்பெற்றது. வகுப்பே இல்லாத இடத்தில் எண்ணம் வறண்டுபோகும் நாள்களில் பற்றிக்கொள்ள எதுவும் இருக்காது என்று கருதி, பிரின்ஸ்டன் நிறுவனம் போன்ற இடத்தை அவர் விரும்பவில்லை. பட்டப்படிப்பு முழுவதையும் ஏற்றுக்கொண்டால் நிறுவனத்தின் தன்மையே மாறும். சென்னைக் கணிதவியல் நிறுவனம் அதை விரும்பியே ஏற்று நன்றாகச் செய்கிறது, ஆனால் அது வேறு வகை. ஆய்வு நிறுவனமாகவே இருக்க விரும்புகிறவர்களுக்கு நடுவழி, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் முனைவர் மாணவர்களை ஏற்பது, அல்லது பெரிமீட்டர் 2009இல் தொடங்கியதுபோல் ஓராண்டுக்குள் முடியும் தீவிர முதுநிலைப் படிப்பு.

கட்டடமே இல்லாமல் இணையவழி உறுப்பினர்களை மட்டும் வைத்து நடத்தும் வடிவம் மிகமிக மலிவு. வேலையில்லாத, ஆனால் தேர்ந்த ஆய்வாளர்களுக்கு ஒரு முகவரியும் கருத்தரங்கும் தருவது உண்மையான சேவை. அதன் உயிர் உறுப்பினர் தேர்வில் இருக்கிறது. சந்தா கட்டியவர் எல்லாரும் உறுப்பினர் என்றால், சார்பியலைத் தவறென்று நிரூபித்துவிட்டதாகச் சொல்லும் கட்டுரைகள் அந்த முகவரியில் வெளிவரும். ஓரிரு ஆண்டில் அந்தப் பெயரே நல்ல உறுப்பினர்களுக்குச் சுமையாகும். துறையறிந்த இருவரின் பரிந்துரை, கடந்த ஐந்தாண்டில் ஒரு மதிப்பாய்வு பெற்ற கட்டுரை, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்பவை குறைந்தபட்ச வாசல்.

நிகழ்ச்சியை நடத்தும் முறை

நிகழ்ச்சி மாதிரியைத் தேர்ந்தால் கால அட்டவணையே நிர்வாகம். முன்மொழிவு அழைப்பு 24 மாதம் முன்பு, தேர்வு 18 மாதம் முன்பு, அழைப்பிதழ்கள் 12 முதல் 15 மாதம் முன்பு, விசாக் கடிதம் 6 மாதம் முன்பு. இதைவிடத் தாமதித்தால் விசா தேவைப்படாத நாட்டினர் மட்டுமே வந்து சேர்வார்கள். 20 அறையும் ஆண்டுக்கு 40 வாரமும் இருந்தால் 800 ஆள்வாரம். கடைசி நேர விலகல்களால் முக்கால்வாசியே நிரம்பும் என்று எடுத்துக்கொண்டு சற்றுக் கூடுதலாக அழையுங்கள். மூன்று வாரத்துக்குக் குறைந்த தங்கலுக்குச் செலவு தராதீர்கள். ஒரு வாரம் வருகிறவர் தன் உரையைக் கொடுத்துவிட்டுப் போவார், மூன்றாம் வாரத்தில்தான் புதிய கூட்டு வேலை தொடங்கும்.

நாளுக்கு ஓர் உரை, அதற்கு மேல் வேண்டாம். அமைப்பாளர்கள் எப்போதும் கூடுதலாகக் கேட்பார்கள், ஏனென்றால் உரைகளை எண்ணலாம், உரையாடல்களை எண்ண முடியாது. உரைகள் நான்கானதும் அது மாநாடாகிவிடும். மாநாட்டுக்கு இப்படி ஒரு நிறுவனமே தேவையில்லை. குடும்பத்தோடு தங்க வீடு இல்லாவிட்டால் சிறு குழந்தை உள்ளவர்கள் வரவே மாட்டார்கள். வருகையாளர்களின் வயதும் பாலினமும் ஒரு பக்கமாகச் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம். குழந்தைப் பராமரிப்புக்கு வருகைத் தொகையில் இருபதில் ஒரு பங்கு ஒதுக்கினாலே நிலைமை மாறும்.

பலனை அளக்க, நிகழ்ச்சி முடிந்து இரண்டாண்டு கழித்து வந்தவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இங்கே முதன்முதலாகச் சந்தித்த ஒருவரோடு என்ன எழுதினீர்கள்? கட்டுரை எண்ணிக்கையைவிட அந்தப் பதில் நேர்மையானது.

சட்ட வடிவத்தைப் பொறுத்தவரை, உறுப்பினர் வாக்கில் ஆளும் சங்கத்தைவிட அறக்கட்டளையோ இலாப நோக்கற்ற கம்பெனியோ பாதுகாப்பானது. சங்கத்தைப் புதிய உறுப்பினர்களைச் சேர்த்தே கைப்பற்றிவிடலாம். எந்த வடிவமானாலும், நிறுவனம் மூடப்பட்டால் என்ன நடக்கும் என்ற பிரிவை நிறுவன ஆவணத்திலேயே சேருங்கள். நடப்பிலுள்ள ஒப்பந்தங்கள் எல்லாம் முடியும்வரை சம்பளம் தரப் போதுமான தொகை தனிக் கணக்கில் இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்து இல்லாமல் அதைத் தொட முடியக்கூடாது. மிஞ்சும் முதல் தொகை எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்பதையும் அதன் பெயரோடு குறிப்பிடுங்கள். இது எழுதப்படாத இடங்களில் கடைசி ஆண்டின் பணம் வழக்கறிஞர்களுக்குப் போகிறது, பாதி முடித்த கணக்கோடு இளம் ஆய்வாளர்கள் வெளியேறுகிறார்கள்.